நேரில் இருப்பதாகக் கருதப்படும்

டோர்சன் என்ற ஊரில் ஒரே ஒரு மருந்துக்கடை இருந்தது. அந்தக் கடையில் எல்ராய் ப்ரெக்கே என்ற ஒரே ஒரு மருந்தாளுநர் இருந்தார். அவருக்கு ஒரே ஒரு மூத்திரப்பை இருந்தது. மாநில மருந்தகச் சட்டம் முதல் இரண்டு விஷயங்களையும் மிகுந்த அக்கறையோடு கவனித்துவிட்டு, மூன்றாவதை மறந்துவிட்டது.

சட்டம் சொன்னது இதுதான்: பதிவு பெற்ற மருந்தாளுநர் நேரில் இல்லாத எந்தக் கணத்திலும் மருந்தகம் மூடப்பட்டதாகக் கருதப்படும். ஆகவே எல்ராய் பின்பக்கம் போகும்போதெல்லாம் அவர் மனைவி ஆர்டிஸ் மருந்து மேடையின் கம்பிக் கதவை இழுத்து மூடுவார். அவர் கை துடைத்துக்கொண்டு திரும்பி வந்ததும் திறந்துவிடுவார். கடையின் முன்பாதியில் ஆர்டிஸ் காபியும் கேக்கும் விற்றார். கொதிக்கக் கொதிக்கக் காபியை யார் தலையில் வேண்டுமானாலும் ஊற்ற அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் கணவர் கட்டி, பெயர் எழுதி, ஒட்டி வைத்த மருந்துப் புட்டியை எடுத்து நீட்ட உரிமை இல்லை.

எல்ராய் தன் அண்ணனின் அடக்கத்துக்குப் போயிருந்த அன்று மிர்ட்டில் ஹௌகன் கடைக்கு வந்தார். மிர்ட்டில் வான்கோழி வளர்க்கிற விதவை. எல்ராயோடு ஒரே வகுப்பில் படித்தவர். அவருடைய இதயம் எல்ராய் கொடுக்கும் மாத்திரையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பெயர் எழுதிய புட்டி கம்பிக் கதவுக்குப் பின்னால், ஆர்டிஸுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றது. எடுத்தால் கடையின் உரிமம் போய்விடும். பக்கத்து ஊருக்குப் போகலாம் என்றால், பக்கத்து ஊர் என்பது அந்தச் சமவெளியில் ஒரு பேச்சுக்குச் சொல்வது. போய்த் திரும்பப் பகல் முழுக்க ஆகும். மிர்ட்டில் ஒரு காபி குடித்தார், கம்பி வழியாகத் தன் புட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார், வீட்டுக்குப் போனார். அன்று சாயங்காலம் வான்கோழிக் கொட்டகையில் மயங்கி விழுந்தார்.

பிழைத்துக்கொண்டார் என்றாலும் எல்ராய்க்கு அதன்பிறகு மனசு ஆறவில்லை. தன் கையால் கட்டிய மருந்து, தன் பெண்டாட்டியின் கண்முன்னால், தன் வகுப்புத் தோழிக்குக் கிடைக்காமல் போனது அவருக்கு அவமானமாக இருந்தது. இந்தச் சட்டத்தை மாற்றாமல் விடுவதில்லை என்று அவர் காபி மேடையில் எல்லோரும் கேட்கும்படி சொன்னார். அந்தத் தொகுதியின் பழைய சட்டசபை உறுப்பினர் முட்டிவலி காரணமாக அரசியலிலிருந்து ஓய்வு பெற்றிருந்த சமயம் அது. சட்டத்தால் கஷ்டப்படுகிறவனே சட்டம் செய்யப் போகட்டும் என்று ஊர் முடிவு செய்தது.

மிர்ட்டிலுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன் எல்ராய். நீ ஒரு நாள் இல்லாததுக்கே நான் வான்கோழி நடுவுல விழுந்து கெடந்தேன். இப்ப குளிர்காலம் முழுக்க இல்லாமப் போறேங்கறே. அதுவும் என் நல்லதுக்குங்கறே."

"இந்த ஒரு தடவைதான் மிர்ட்டில். அப்புறம் நான் இருந்தாலும் இல்லாட்டியும் உனக்கு மாத்திரை கெடைக்கும்."

"அப்புறந்தான் நீ எங்கயும் போகப்போறதில்லையே. பின்ன அந்தச் சட்டம் எதுக்கு?"

பதில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்ட திருப்தியில் மிர்ட்டிலும் எல்ராய்க்கே ஓட்டுப் போட்டார்.

அந்த மாநிலத்தின் சட்டசபை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர்காலத்தில், தூரத்துத் தலைநகரில் கூடும். உறுப்பினர்களில் பெரும்பாலோர் விவசாயிகள் என்பதால் வயலில் வேலை இல்லாத மாதங்களில் சட்டம் செய்வது வழக்கம். வயலில் வேலை இல்லாத மாதங்களில்தான் மருந்துக்கடையில் தலைக்குமேல் வேலை இருக்கும் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. அதுவரை எந்த மருந்துக்கடைக்காரரும் அங்கே போயிருக்கவில்லை. சபை வெள்ளிக்கிழமை மத்தியானம் கலையும். சாலையில் பனி இல்லாவிட்டால் எல்ராய் ஊருக்கு வந்து சனிக்கிழமை கடை திறப்பார். பனி இருந்தால், அந்த வாரம் டோர்சனில் யாருக்கும் நோய் வரக்கூடாது.

எல்ராயின் மசோதா ஒரே வாக்கியம். மருந்தாளுநர் கட்டிப் பெயர் எழுதி வைத்த மருந்தை, அவர் இல்லாத நேரத்தில் கடையில் இருப்பவர் உரியவரிடம் எடுத்துக் கொடுக்கலாம். இவ்வளவு எளிதில் புரிகிற மசோதா சபைக்கு வந்ததில்லை என்று சபைச் செயலாளர் வருத்தத்தோடு குறிப்பிட்டார். மசோதா சுகாதாரக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. குழுவின் தலைவர் மாண்புமிகு கிளிஃபர்ட் ட்ரெஸ்லர், சர்க்கரைக் கிழங்கு விவசாயி, அகலமான மனிதர், அதைப் பத்திரமாக வாங்கித் தன் மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

சபைக்கு அப்போது அதைவிட முக்கியமான வேலை இருந்தது. அந்தக் காலத்தில் எல்லா மாநிலங்களையும் ஒரு மோகம் பிடித்து ஆட்டியது. மாநிலப் பூ, மாநிலப் பறவை என்பதெல்லாம் பழைய சமாசாரம் ஆகிவிட்டன. பக்கத்து மாநிலம் தனக்கென்று ஒரு மாநில மண்ணை அறிவித்தது. அதற்குப் பக்கத்து மாநிலம் ஒரு மாநில எலும்புக்கூட்டை அறிவித்தது. எல்ராயின் மாநிலத்திலும் மண் நிறைய இருந்தது, எலும்பும் இருந்தது; அறிவிப்புதான் இல்லை. மானத்தைக் காப்பாற்ற ட்ரெஸ்லர் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஹாட்டிஷ் என்கிற பண்டம் இனி அதிகாரபூர்வ மாநில உணவு.

சாவு வீட்டுக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் தேவாலயத்து விருந்துக்கும் ஒரே முகத்தோடு வந்து நிற்கும் பண்டம் அது. கொத்திய மாட்டிறைச்சியையும் டப்பாவில் வரும் காளான் சூப்பையும் கலந்து அடுப்புக்குள் வைத்து எடுப்பார்கள். அதுவரை யாருக்கும் சண்டை இல்லை. உள்ளே நூடுல்ஸைக் கலப்பதா, மேலே உருளைக்கிழங்கை அடுக்குவதா என்பதில்தான் மாநிலம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஆற்றுக்குக் கிழக்கே உருளைக்கிழங்கு. மேற்கே நூடுல்ஸ். இந்த விஷயத்தில் கலப்புக் கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. அவை நன்றாக முடிந்ததாகத் தகவல் இல்லை. ட்ரெஸ்லர் கிழக்கத்திக்காரர். டோர்சன் மேற்கே இருந்தது.

பகல் முழுக்க ஹாட்டிஷைப் பற்றிப் பேசிக் களைத்தவர்களுக்குச் சாயங்காலம் விருந்து நடக்கும். முட்டைக்காரர் சங்கம், வங்கிக்காரர் சங்கம், சிமென்ட்காரர் சங்கம் என்று நாட்டு நலனில் அக்கறை கொண்ட எல்லாச் சங்கங்களும் முறை வைத்துச் சாப்பாடு போட்டன. மறுநாள் காலையில் சபை முழுவதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கடவுள் வாழ்த்துக்கு எழுந்து நிற்பவர்கள் பக்தியினால் முகம் சுளிப்பதாக எல்ராய் முதலில் நினைத்தார். பிறகு தொழில் புத்தி வேலை செய்தது. கோட்டுப் பையிலிருந்து நெஞ்செரிச்சல் மாத்திரை இரண்டை எடுத்துப் பக்கத்து இருக்கைக்காரருக்குக் கொடுத்தார்.

ஒரு வாரத்தில் எல்ராய் சபையிலேயே மிகவும் நேசிக்கப்பட்ட மனிதர் ஆகிவிட்டார். மருந்து கொடுப்பவர் பாதி டாக்டர் என்ற கணக்கில் எல்லோரும் அவரை "டாக்" என்று கூப்பிட்டார்கள். ஆளுங்கட்சிக்கு நெஞ்செரிச்சல், எதிர்க்கட்சிக்கு மலச்சிக்கல், சபாநாயகருக்கு இரண்டும். தாழ்வாரத்தில் நடந்தால் ஆளுக்கொரு மூலைக்கு இழுத்துப்போய் ரகசியக் குரலில் குடலைப் பற்றிப் பேசினார்கள். அரசியலில் ரகசியம் பேசுகிறவர்கள் என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

இவ்வளவு அன்பு இருந்தும் மசோதா மட்டும் இழுப்பறையைவிட்டு வெளியே வரவில்லை. ஒருநாள் நேரில் போய்க் கேட்டார்.

"நல்ல மசோதா டாக்," என்றார் ட்ரெஸ்லர், கையை நீட்டி இரண்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு. "மனசத் தொட்டுச் சொல்றேன், இந்த வருஷம் வந்ததுலயே இதான் நல்ல மசோதா."

"அப்ப குழுவுல எடுத்துக்கலாமே."

"எடுக்கலாம். ஒரு சின்ன சந்தேகம். இது பாஸாயிட்டா அடுத்த தடவை தேர்தல்ல நிப்பீங்களா?"

எல்ராய் அரசியலுக்குப் புதிது. யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார். "எதுக்கு நிக்கணும்? எனக்கு வேற வேலையே இங்க இல்லையே. கடையைப் பாத்துக்கிட்டு இருந்துடுவேன்."

ட்ரெஸ்லர் மாத்திரையை மெதுவாகச் சப்பினார். "அப்ப அவசரப்பட வேண்டாம்," என்றார்.

அன்றைக்கு எல்ராய்க்கு முழுக்கதையும் புரிந்தது. மசோதாவை யாரும் எதிர்க்கவில்லை. அது நிறைவேறினால் மாத்திரை ஊருக்குப் போய்விடும் என்று பயந்தார்கள். மாண்புமிகு உறுப்பினர்கள் வயிற்றுக்கு ஒரு மருந்தாளுநர் நேரில் இருக்க வேண்டும் என்பதற்காக, டோர்சனில் ஒரு மருந்தாளுநர் இல்லாமல் இருந்தார்.

பனிப்புயல் இரண்டு சனிக்கிழமைகளைத் தின்றது. ஆர்டிஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் மிகவும் மரியாதையாகிவிடும்.

"மாண்புமிகு உறுப்பினருக்கு வணக்கம். உங்க தொகுதியில மிர்ட்டில் ஹௌகன்னு ஒருத்தி மாத்திரையைப் பாதி பாதியா ஒடச்சு சாப்பிடறா. அது இருக்கட்டும். மாநிலத்துக்கு என்ன சாப்பாடுன்னு முடிவாயிடுச்சா?"

எல்ராய் தொலைபேசியை வைத்தார். மிர்ட்டில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து கத்தியால் மாத்திரையை உடைப்பது அவர் கண்ணுக்குள் வந்து நின்றது. வயிறு எரிந்தது. அதற்கு அவரிடம் மருந்து இல்லை.

அன்று சாயங்காலம் நடந்த விருந்து அந்த வருஷத்திலேயே பெரியது. பத்து மாநிலங்களில் கிளை வைத்திருந்த ஒரு கடை நிறுவனம், மாநில நலன் கருதி, முழு மாட்டைச் சுட்டு வைத்தது. தொட்டுக்கொள்ள வெண்ணெய்ச் சாறு, கடித்துக்கொள்ளப் பொரித்த வெங்காயம். நிறுவனத்தின் பிரதிநிதி, மெல்லிய குரலில் பேசும் ஒரு கனவான், ஒவ்வொரு தட்டிலும் தன் கையால் இரண்டாவது துண்டு வைத்தார். மறுநாள் காலை சபையை நடத்தத் தேவையான தலைகள் இருந்தன, ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தவர் யாரும் இல்லை. ட்ரெஸ்லர் சாம்பல் நிற முகத்தோடு எல்ராயின் இருக்கைக்கு வந்தார்.

"டாக், ரெண்டு கொடுங்க. நாலா கொடுத்துடுங்க."

"தர முடியாதுங்க," என்றார் எல்ராய். "நான் இப்ப என் மருந்தகத்துல நேர்ல இல்ல. அதனால மருந்தகம் மூடினதா கருதப்படும். மூடின கடையிலேர்ந்து எப்படி மருந்து தர்றது? இத்தனை நாள் தெரியாம சட்டத்தை மீறிட்டேன். மனசு உறுத்துது."

"உங்க கோட்டுப் பையிலதானே இருக்கு. இதோ தெரியுதே."

"மிர்ட்டில் மாத்திரையும் அலமாரியிலதான் இருக்கு. அவளுக்கும் தெரியுது."

மிர்ட்டில் யார் என்று ட்ரெஸ்லருக்குத் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற மாத்திரை கைக்கு வராத வேதனை அவருக்கு அந்த நிமிஷம் முழுசாகப் புரிந்தது. ஒரு மணி நேரத்தில் மசோதா மேஜை இழுப்பறையைவிட்டு வெளியே வந்தது. கிராமப்புற மக்களின் சொல்லொணாத் துயரம் பற்றி, வாழ்க்கையில் கிராமத்தையே எட்டிப் பார்க்காத ஒரு வங்கி உரிமையாளர் கண்கலங்கப் பேசினார். அந்தக் கண்ணீர் அடிவயிற்றிலிருந்து வந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

சும்மா நிறைவேற்றினால் அது சட்டசபை ஆகாது. திருத்தங்கள் வந்தன. படிக்காத ஒருவர் மருந்தை எடுத்துக் கொடுப்பது பொதுமக்கள் பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கும் என்று வக்கீல் உறுப்பினர் ஒருவர் எழுந்தார். மருந்தாளுநர்தான் கொடுக்க வேண்டும். அவர் அங்கே இல்லாவிட்டால், இருப்பதாகக் கருதிவிடலாம். கருதுவதற்கு ஓர் ஆதாரம் வேண்டாமா என்று இன்னொருவர் கேட்டார். அவருடைய படத்தைச் சட்டம் போட்டுக் கண்மட்டத்தில் மாட்டி வைக்கலாம். படம் அவர் கடையில் மட்டும்தான் மாட்டலாமா என்ற கேள்வியைப் பின்வரிசைக்கு அருகே நின்றிருந்த மெல்லிய குரல் கனவான் யாரோ ஒருவர் காதில் கேட்டார். அந்த ஒருவர் எழுந்து, படம் மாட்டிய எந்தக் கடையிலும் மருந்தாளுநர் நேரில் இருப்பதாகக் கருதப்படும் என்று திருத்தினார். நேரத்தை மிச்சப்படுத்த ஹாட்டிஷ் மசோதாவையும், உருளைக்கிழங்கோடு, இதன் வாலிலேயே கட்டிவிட்டார்கள்.

எல்ராய் அதைப் படித்துவிட்டு ட்ரெஸ்லரிடம் போனார். தன் ஒரு வாக்கியத்தை அதில் எங்கே தேடியும் காணவில்லை என்றார். எந்தக் கடையிலும் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்.

"பொதுவா இருந்தா அழகா இருக்கும்னு போட்டிருக்காங்க. வேணாம்னா சொல்லுங்க டாக், திரும்பவும் உள்ள வச்சுப் பூட்டிடறேன்."

எல்ராய் மிர்ட்டில் உடைத்துச் சாப்பிடும் பாதி மாத்திரைகளை நினைத்தார். ஓட்டெடுப்பில் கையைத் தூக்கினார். உருளைக்கிழங்கு ஒரே ஓட்டில் ஜெயித்தது. அந்த ஓட்டு யாருடையது என்று அன்று மாலையே வானொலி சொல்லிவிட்டது.

ஊருக்குத் திரும்பும்போது வழியெல்லாம் பனி உருகிக்கொண்டிருந்தது. எல்ராய்க்கு மாலை மரியாதை எதிலும் ஆசை இல்லை. மிர்ட்டில் கையில் முழுப் புட்டியைக் கொடுக்கும் அந்த ஒரு நிமிஷம் போதும் என்று நினைத்திருந்தார். கடைக்குள் நுழைந்தபோது காபி மேடையில் இருந்தவர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சட்டம் வந்தாச்சு மிர்ட்டில்," என்று புட்டியை நீட்டினார். "இனிமே நான் இல்லாட்டியும் ஆர்டிஸ் எடுத்துத் தருவா."

மிர்ட்டில் புட்டியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "அது கெடக்கட்டும். உருளைக்கிழங்குக்கா கையைத் தூக்கினே?"

"உன் மாத்திரைக்குத்தான் தூக்கினேன்."

"என் மாத்திரைக்குத் தூக்கற கை நூடுல்ஸுக்குத் தூக்கினா ஒடஞ்சா போயிடும்? எங்கம்மா மொகத்துல நான் எப்படி முழிக்கறது?"

மிர்ட்டிலின் அம்மா காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது. ஆகவே மன்னிப்புக் கேட்கவும் வழியில்லாமல் போயிற்று. ஊரே அப்படித்தான் இருந்தது. குளிர்காலம் முழுக்க மருந்தில்லாமல் இருந்ததை ஊர் மன்னித்துவிட்டது. தேவாலயத்து விருந்தில் எல்ராய் தட்டை நீட்டினால், பரிமாறுகிறவர்கள் ஒரு வேகவைத்த உருளைக்கிழங்கை மட்டும் வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் மருந்தகத் துறை ஆய்வாளர் ஃபெர்டினாண்ட் க்ரூஸ் வந்தார். எல்ராய் மருந்து மேடைக்குப் பின்னால், வெள்ளைக் கோட்டில், நின்றுகொண்டிருந்தார். க்ரூஸ் சுவரைப் பார்த்தார்.

"மருந்தாளுநர் எங்க?"

"நான்தான்."

"உங்களைக் கேக்கல. படம் எங்க?"

"நானே இங்க இருக்கேனே. படம் எதுக்கு?"

"நீங்க இருக்கீங்க, சரி. இருக்கறதா கருதறதுக்கு என்ன ஆதாரம்?" க்ரூஸ் பொறுமையானவர். குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "நீங்க இப்ப தும்மறதுக்கு அந்தப் பக்கம் திரும்பினாலும் சட்டம் உங்களைத் தேடும். படம் திரும்பாது. அதான் துறைக்கு வசதி."

அபராதத்தைக் கட்டிவிட்டு எல்ராய் படம் எடுத்துக்கொண்டார். சிரிக்கக் கூடாது, முறைக்கவும் கூடாது, நோயாளியின் மீது பொதுவான அக்கறை தெரிய வேண்டும் என்று விதி. மூன்று தடவை எடுத்தும் சரியாக வரவில்லை. நான்காவது தடவை ஆர்டிஸ் ஹாட்டிஷ் என்று ஒரு வார்த்தை சொன்னார். விதிப்படியான முகம் உடனே வந்துவிட்டது.

கோடை முடிவதற்குள், அந்தப் பத்து மாநிலக் கடை நெடுஞ்சாலை ஓரத்தில் தன் கிளையைத் திறந்தது. மாட்டுத்தீவனம், டயர், கழிப்பறைக் காகிதம், கல்யாண கேக் எல்லாம் ஒரே கூரையின் கீழ். கடைசி வரிசையில் ஒரு மருந்து மேடையும் இருந்தது. மருந்தாளுநர் இல்லை. எங்கோ தலைநகரில் இருந்த ஒருவரின் படம் இருந்தது. மருந்துகள் எல்ராய் கொள்முதல் செய்யும் விலைக்கும் கீழே விற்றன. டோர்சன்காரர்கள் வண்டி வண்டியாகப் போனார்கள். நூடுல்ஸுக்குத் துரோகம் செய்தவன் கடையில் இனிக் கால் வைக்க மாட்டோம், இது கொள்கைப் பிரச்னை என்றார்கள். கொள்கையோடு திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் கழிப்பறைக் காகிதம் மலைபோல் குவிந்திருந்தது.

அடுத்த தேர்தலில் எல்ராய் நிற்கவில்லை. ஆனாலும் ஊர் அவரைத் தோற்கடித்துவிட்டதாகத்தான் பேசிக்கொண்டது. அதற்கடுத்த குளிர்காலத்தில் அவர் கடையை மூடினார். கம்பிக் கதவை இழுத்துவிட்டபோது அவருக்கு அழுகை வந்தது, அழுதார். ஆர்டிஸ் பக்கத்தில் நின்று தோளில் கை வைத்திருந்தார். அன்று அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

சில மாதம் கழித்து மெல்லிய குரல் கனவான் வீட்டுக்கு வந்தார். தலைநகர்ப் படத்தில் இருப்பவர் ஒரு மாதிரி முறைக்கிறார், வாடிக்கையாளர்கள் விரும்பவில்லை என்றார். எல்ராயின் முகத்தில் ஒரு பொதுவான அக்கறை தெரிவதாக அவர்கள் நிறுவனத்தில் எல்லோரும் ஒருமனதாகக் கருதினார்களாம். ஆற்றுக்கு மேற்கே உள்ள எல்லாக் கிளைகளிலும் அவர் நேரில் இருப்பதாகக் கருதப்பட வேண்டும். அதற்கு அவர் எங்கேயும் போக வேண்டாம். வீட்டில் ஒரு தொலைபேசி வைப்பார்கள். சந்தேகம் வந்தால் கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் எல்ராய் வாயைத் திறந்தார். பிறகு, வேறு எவனாவது அந்தத் தொலைபேசியை எடுத்து மிர்ட்டிலுக்கு எதையாவது சொல்லிவைத்தால் என்ன செய்வது என்று தோன்றியது. ஒப்புக்கொண்டார்.

அப்படியாக எல்ராய் ப்ரெக்கே பாதி மாநிலத்தில் நேரில் இருந்தார். தன் வீட்டுச் சமையலறையில் கொஞ்சம் குறைவாக இருந்தார். ஆர்டிஸ் ஏதாவது பேசினால், எந்தக் கிளையில் இருக்கிறோம் என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார். தொலைபேசி அதிகம் அடிக்கவில்லை. பெரும்பாலும் படத்தைத் துடைக்கச் சோப்புத் தண்ணீர் பயன்படுத்தலாமா என்றுதான் கேட்டார்கள்.

ஒருநாள் காலை மின்விளக்கு வாங்க அவரே அந்தக் கடைக்குப் போனார். கடைசி வரிசையில் மிர்ட்டில் நின்றுகொண்டிருந்தார். மேடைக்குப் பின்னால் வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண்மணி, சிவப்பு அங்கி, மிர்ட்டிலிடம் ஒரு புட்டியை நீட்டினார். எல்ராய் தூரத்திலிருந்தே பார்த்தார். புட்டிக்குள் மஞ்சள் மாத்திரை.

"மிர்ட்டில், அதை வாங்காதே. உன்னோடது வெள்ளை. இது வேற யாருக்கோ உள்ளது. உன் இதயத்துக்கு இது ஆகாது."

"எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு," என்றார் மிர்ட்டில். ஆனால் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த அவருடைய படத்தைப் பார்த்துச் சொன்னார்.

பெண்மணி எல்ராயைத் தரையில் போட்டிருந்த கோட்டுக்குப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். மருந்து பற்றி ஆலோசனை சொல்ல மருந்தாளுநருக்கு மட்டும்தான் அதிகாரம் உண்டு என்றார்.

"நான்தாம்மா மருந்தாளுநர். அதோ சுவத்துல இருக்கேனே, பாருங்க."

பெண்மணி படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஜாடை இருப்பதை மறுக்கவில்லை. "அவரு அங்க இருக்கும்போது நீங்க எப்படி இங்க இருக்க முடியும்? அவரு வேலை நேரத்துல எங்கயும் போக மாட்டாரு."

"மிர்ட்டில், நீயாவது சொல்லேன்."

"நான் என்னத்தச் சொல்றது? நீதான் கடையை மூடிட்டியே. இங்க இருக்கறவரையே கேட்டுக்கறேன். அவரு எந்தக் கிழங்குக்கும் கை தூக்கல."

பெண்மணி தொலைபேசியை எடுத்து எண்களைச் சுழற்றினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அது எங்கே அடிக்கிறது என்பது அந்தக் கடையில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். பெண்மணி நெற்றியைச் சுருக்கினார். மருந்தாளுநர் எடுக்கவில்லை, எடுக்காவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் கை மறுபடி மஞ்சள் மாத்திரையின் பக்கம் போயிற்று.

எல்ராய் மின்விளக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அந்த வயசில் அவர் அப்படி ஓடியதை ஊர் பார்த்ததில்லை. வண்டியைக் கிளப்பி, தேவாலயத்தைத் தாண்டி, மூடிக்கிடந்த தன் பழைய கடையைத் தாண்டி, வீட்டு வாசலில் புல்வெளிமீதே நிறுத்தினார். சமையலறையில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஆர்டிஸ் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தார்.

"எடுத்திருக்கலாமே," என்றார் எல்ராய் மூச்சு வாங்க.

"நான் பதிவு பெற்றவ இல்லையே," என்றார் ஆர்டிஸ்.

எல்ராய் எடுத்தார். "மருந்தாளுநர் பேசறேன்."

"அப்பாடா," என்றார் பெண்மணி மறுமுனையில். "சார், இங்க ஹௌகன் அம்மாவோட மாத்திரை..."

"மஞ்சளைக் கொடுக்காதீங்க. வெள்ளை, வட்டமா இருக்கும். பக்கத்துத் தட்டுல பாருங்க."

தட்டு நகரும் சத்தம் கேட்டது. "ஆமா சார், இருக்கு. ரொம்ப நன்றி. இப்பத்தான் ஒருத்தர் இதையே சொல்லிக்கிட்டு நின்னாரு. போறவன் வர்றவன் பேச்சைக் கேட்டு மருந்து கொடுக்க முடியுங்களா? இருங்க, அம்மா பேசணுமாம்."

மிர்ட்டிலின் குரல் வந்தது. கோபமாக இருந்தாலும், வெகுநாளைக்குப் பிறகு அதில் பழைய சொந்தம் தெரிந்தது.

"ஏம்ப்பா எல்ராய், எவ்வளவு நேரமா மணி அடிக்குது? மாத்திரை மாறிப்போயி நான் செத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? இப்படிக் கடையைப் போட்டுட்டு எங்க போய்த் தொலைஞ்சே?"

எல்ராய் தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்கோ மிர்ட்டில்," என்றார். "கடை வரைக்கும் போயிருந்தேன்."